மேல் சிலிண்டரில் துரு

வலது தோளில் கிளம்பிய வலி முழங்கைக்கு இறங்கி, அங்கிருந்து சுண்டுவிரல்வரை வந்து உட்கார்ந்துகொண்டது. காலையிலிருந்து ஸ்பேனரில் நீளக் குழாயை மாட்டி, உடம்பின் மொத்தக் கனத்தையும் அதன்மேல் போட்டுப் போட்டு அழுத்தியவளுக்கு, இப்போது டீ கிளாசைத் தூக்கவே இடது கை வேண்டியிருந்தது. இவ்வளவு செய்தும் எஞ்சின் ஒரு நூலளவு அசையவில்லை. மேசைமேல் இரும்பு வளையத்தில் கட்டி நிறுத்தப்பட்டு, மேல்கூடு கழற்றிய தலையோடு, மொட்டையடித்துவிட்ட ஆள் மாதிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன, மசியலையா?" என்றார் மாமனார். அவர் பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கால் நீட்டினால் உள்ளே, மடக்கினால் வெளியே.

"மசியும் மாமா. நான் தொட்டு அசையாத இரும்பு இந்தக் கரையில கிடையாது."

"இது இரும்பு இல்ல. என் எஞ்சின்."

"உங்க எஞ்சினும் இரும்புலதான் செஞ்சிருக்கான். பாதி அலுமினியம்."

கிழவர் ஏரியைப் பார்த்தார். மருமகள் பேசுவது அவருக்குப் பிடிக்கும். பிடிப்பதைக் காட்டிக்கொள்வதுதான் பிடிக்காது.

முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு தகரத் தடுப்பு. துறையில் எல்லோருக்கும் அவள் வெல்டர்க்கா. நங்கூரம் முறிந்தாலும், மில்லின் கேட் கீல் பெயர்ந்தாலும், தள்ளுவண்டி அச்சு வளைந்தாலும் அவளிடம்தான் வரும். வீட்டுச் செலவு முழுக்க அந்த வெல்டிங் ராடின் நுனியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. புருஷன் படகோட்டி. ஆனால் அவனுக்கு ஓட்டப் படகு கிடையாது. இன்னொருத்தன் படகில் மூட்டை ஏற்றுவான், மூட்டை இறக்குவான், கயிறு பிடிப்பான். படகைத் திருப்பும் கைப்பிடியில் மட்டும் யாரும் அவனை உட்கார விடமாட்டார்கள்.

காரணம் இந்த எஞ்சின்தான். ஏரியில் எல்லோரும் துடுப்பு தள்ளிக்கொண்டிருந்த காலத்தில் முதல் மோட்டாரைக் கொண்டுவந்து படகின் பின்பலகையில் மாட்டியவர் மாமனார். ரெண்டு சிலிண்டர், பச்சைப் பெயின்ட், வெண்கல விசிறி. பின்னால் தண்ணீருக்குள் அந்த விசிறி சுற்றினால் அக்கரை மில் மணி அடித்து ஓய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று இன்றைக்கும் கிழவர்கள் சொல்வார்கள். அவருக்கு வயதாகிக் கைப்பிடியை மகனிடம் கொடுத்தார். கொஞ்ச காலம் ஓட்டினான். ஒருநாள் நடு ஏரியில் எஞ்சின் நின்றது. ஆட்களை வைத்துக்கொண்டு துடுப்பு போட்டுக் கரை சேர்ந்தான். கிழவர் ஒன்றும் கேட்காமல் எஞ்சினைக் கழற்றி, துடைத்து, தன் கையாலேயே பட்டறைக் கொட்டகையின் பரண்மேல் ஏற்றிப் படுக்கவைத்தார். கோபம் ஆறிப் பல மாதம் கழித்து இறக்கிக் கயிற்றை இழுத்துப் பார்த்தபோது அது கல்லாய்ப் போயிருந்தது.

அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார். பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றவேண்டிய எஞ்சின் அது. எண்ணெய்தான் உள்ளே பிஸ்டனை வழுக்கிக்கொண்டு போகவைக்கும். மகன் எண்ணெய் கலக்காமல் வெறும் பெட்ரோலில் ஓட்டி எஞ்சினை எரித்துவிட்டான். துறை முழுக்கச் சொன்னார். கேட்டவர்கள் கேட்காதவர்களுக்குச் சொன்னார்கள். 'எரிச்சவன்' என்ற பட்டப்பெயர் அவன் முதுகில் ஒட்டியது. எஞ்சின் பழையபடி பரணுக்கே போயிற்று. யாரும் தொடக்கூடாது.

இப்போது தொட்டதற்குக் காரணம் விசில்காரர். துறை மேஸ்திரி அவர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், பேச்சுக்கு நடுவிலும் அதை ஊதுவார்.

"அக்கரை மில்லுக்கு ஆள் ஏத்துற வரிசையில ஒரு இடம் காலியாகுது வெல்டர்க்கா" என்று போன வாரம் வந்து சொன்னார். "சனிக்கிழமை காலைல மோட்டாரோட, ஓடுற படகோட எவன் முன்னால வந்து நிக்கிறானோ அவனுக்கு. உங்க படகு கவுந்துதானே கிடக்கு, தார் பூசினா போதுமே. மோட்டாருக்கு என்ன பண்ணுவீங்க?"

அவள் பரணைப் பார்த்தாள். விசில்காரரும் பார்த்தார். பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் விசிலை வாயில் வைத்துக்கொண்டார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கிழவர் பொரித்த மீனின் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரம் அடுக்கி முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டாள். அவர் கை கழுவினார், வாய் துடைத்தார், பிறகு சொன்னார்:

"திற. ஆனா அவன் கை அதுமேல படக்கூடாது."

அவன் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தான். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த கை ஒரு நொடி நின்று, திரும்பப் பிய்த்தது.

இறக்கும்போதே அவளுக்கு ஏதோ உறுத்தியது. எஞ்சின் பரணில் சாய்வாகக் கிடந்தது. விசிறிப்பக்கம் உயரத்தில், பழைய துணி சுற்றி, உத்தரத்தில் கயிறு போட்டுத் தொங்கவிடப்பட்டிருந்தது. தலைப்பக்கம் கீழே, சாக்கு மெத்தையில். "ஏன் மாமா தலைகீழா வெச்சீங்க?" என்று கேட்டதற்கு, "வெண்கல விசிறி தரையில படலாமா? படகுக்கு அதுதான் மரியாதை" என்றார். அப்போதைக்கு அவள் அதற்குமேல் யோசிக்கவில்லை.

அப்படித்தான் இந்த வாரம் தொடங்கியது. பிளக் இரண்டையும் கழற்றி, டீசலும் கியர் ஆயிலும் கலந்த கலவையை ஓட்டை வழியாக ஊற்றினாள். ஊறவிட்டாள். திரும்ப ஊற்றினாள். உச்சியில் இருந்த கனமான சக்கரத்தின் நட்டில் ஸ்பேனரை மாட்டி வலப்பக்கம் ஒரு தள்ளு, இடப்பக்கம் ஒரு தள்ளு. சுத்தியலை எடுக்கவே இல்லை. பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பவன் மெக்கானிக் இல்லை, கறிக்கடைக்காரன் என்பது அவள் கட்சி.

"உன் புருஷன் எண்ணெய் ஊத்தாமக் கெடுத்தான்" என்றார் வாசல் நாற்காலி. "நீ எண்ணெய் ஊத்தி ஊத்தியே சாகப்போற."

"சாகுறதுக்கு முன்னாடி உங்களை இதுல ஏத்திக்கிட்டுப் போறேன். கவலைப்படாதீங்க."

புருஷன் கொட்டகைக்கு வெளியே, கவிழ்த்த படகின் அடிவயிற்றில் தார் பூசிக்கொண்டிருந்தான். அவனுக்கு அனுமதிக்கப்பட்ட எல்லை அதுதான். மத்தியானம் அவித்த கிழங்கும் முட்டையும் எடுத்துக்கொண்டு அவனிடம் போய் உட்கார்ந்தாள். தோள் வலியில் முட்டையை உரிக்க முடியவில்லை. அவன் வாங்கி உரித்துக் கொடுத்தான்.

"ஏங்க, ஒண்ணு கேட்கிறேன். கோபப்படக் கூடாது."

"கேளு."

"அன்னைக்கு எண்ணெய் கலந்தீங்களா, இல்லையா?"

அவன் தார்ப் பிரஷை டப்பா ஓரத்தில் தேய்த்தான். தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"கலந்தேன். கலந்ததாத்தான் ஞாபகம். ஆனா அவர் சொல்லிச் சொல்லி, இப்ப கண்ணை மூடினா வேற மாதிரி தெரியுது. டேங்க் மூடியைத் திறக்குறேன். பெட்ரோல் ஊத்துறேன். கையில எண்ணெய் டப்பா இல்ல. நானே பார்க்குறேன், இல்ல." பிரஷைக் கீழே வைத்தான். "எரிச்சிட்டேனோ என்னமோ. விடு. நீ ஓட வெச்சாப் போதும்."

இத்தனை வருஷம் கூடப் படுத்தவன் தன்மேலேயே சாட்சி சொல்லும் அளவுக்கு ஆக்கப்பட்டிருக்கிறான் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கிழங்கை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

"எங்க போற? சாப்பிட்டுப் போ."

"ஹெட்டைக் கழட்டப்போறேன். உள்ள என்ன நடந்துச்சுன்னு அதுவே சொல்லட்டும்."

ஹெட் என்பது சிலிண்டர்களின் வாயை அடைத்திருக்கும் மூடி. அதைப் பிடித்திருந்த போல்ட்டுகள் எஃகு, உடம்பு அலுமினியம். இரண்டும் சேர்ந்து உப்பி, வெளுத்து, ஒன்றையொன்று விடமாட்டேன் என்று கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தன. பலத்தைக் காட்டினால் முறியும். அவள் கேஸ் டார்ச்சைப் பற்றவைத்தாள். அலுமினியத்தோடு ஒரு தொல்லை உண்டு. இரும்பு சூடானால் சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறம் மாறாமல் நின்று, சட்டென்று உருகி ஒழுகிவிடும். அதனால் துணி சோப்பை எடுத்து ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் தேய்த்தாள். சோப்பு பழுப்பு நிறத்துக்கு வந்தால் போதும், கருக விடக்கூடாது.

"குளிப்பாட்டுறியா?" என்றார் கிழவர்.

"கல்யாணத்துக்குத் தயார் பண்றேன்."

சோப்பு பழுப்பானதும் டார்ச்சை விலக்கி, போல்ட்டின் கழுத்தில் மெழுகுவத்தியை வைத்தாள். மெழுகு உருகிச் சொட்டவில்லை. மரைக்குள் உறிஞ்சப்பட்டு மறைந்தது. தாகத்தில் இருந்தவன் தண்ணீர் குடிப்பதைப் போல அந்தச் சூடான இடுக்கு மெழுகைக் குடித்தது. அப்புறம் ஸ்பேனர். அழுத்தவில்லை, கேட்டாள். கால் சுற்று முன்னால், அரைக்கால் சுற்று பின்னால். 'கிறீச்' என்று ஒரு முனகல். முதல் போல்ட் வந்தது. அடுத்ததும் வந்தது. தோள் வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

கடைசியில் ஒன்று மட்டும் முரண்டு பிடித்தது. எத்தனை மெழுகு கொடுத்தும் குடித்துவிட்டு அப்படியே நின்றது. இன்னும் கொஞ்சம் என்று அவள் தள்ளிய அந்த நொடியில், ஸ்பேனர் திடீரென்று இலகுவானது. தலை மட்டும் கையோடு வந்தது. தண்டு உள்ளேயே நின்றுவிட்டது.

வாசலில் நாற்காலி கிரீச்சிட்டது. "முடிஞ்சுது" என்றார் கிழவர். "அவன் எரிச்சான். நீ முறிச்ச."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வெல்டிங் மாஸ்க்கைத் தலையில் கவிழ்த்தாள். முறிந்த தண்டின்மேல் ஒரு புது நட்டை வைத்தாள். நட்டின் ஓட்டைக்குள் ராடை இறக்கினாள். நீல வெளிச்சம் கொட்டகைத் தகரத்தில் வெட்டி வெட்டிப் பாய்ந்தது. ஒரே மூச்சு. கூடுதலாக ஒரு மூச்சு வைத்திருந்தால் அலுமினியம் ஒழுகியிருக்கும். நட்டும் தண்டும் ஒன்றாய் ஒட்டி, சிவந்து, மெல்லக் கறுத்தன. சிவப்பு போனதும் ஸ்பேனரை வைத்தாள்.

வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி வெளியே வந்தது.

மாஸ்க்கைத் தூக்கி, அந்த முறிந்த போல்ட்டை நட்டோடு கொண்டுபோய் மாமனாரின் மடியில் வைத்தாள். "சூடா இருக்கு, பார்த்து" என்று வைத்த பிறகுதான் சொன்னாள். கிழவர் 'ஐயோ' என்று துள்ளி, போல்ட்டைத் தரையில் தட்டிவிட்டார். வெளியே தார் பூசிக்கொண்டிருந்தவன் சிரித்தது கேட்டது. பல நாள் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்டாள்.

பிறகு ஹெட்டை மரக்கட்டையால் நாலு பக்கமும் தட்டித் தட்டிப் பிரித்தெடுத்தாள். விளக்கை உள்ளே காட்டினாள்.

வெகுநேரம் அப்படியே குனிந்து நின்றாள்.

"ஏங்க, உள்ள வாங்க" என்று கூப்பிட்டாள்.

"அவனை எதுக்கு..." என்று கிழவர் ஆரம்பித்தார்.

"தொட மாட்டார். பார்ப்பார். கண்ணுக்குத் தடை போடலையே நீங்க?"

அவன் தார்க் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்காட்சிக்கு வந்தவன் மாதிரி நின்றான். அவள் விளக்கைக் கீழ் சிலிண்டருக்குக் காட்டினாள். சுவர் வழவழவென்று, தேன் தடவியதுபோல் மங்கிய மஞ்சளில் மினுங்கியது. விரலை வைத்துத் தேய்த்து அவன் மூக்கருகே நீட்டினாள்.

"என்ன வாசனை?"

அவன் முகர்ந்தான். முகம் மாறியது. "எண்ணெய்."

"எந்த எண்ணெய்? நான் ஊத்தினது கருப்பு. இது அடியில காஞ்சு ஒட்டியிருக்கு பாருங்க, பிசின் மாதிரி. இது பெட்ரோல்ல கலந்து எரிஞ்ச எண்ணெய். அன்னைக்கு நீங்க கலந்தது." விளக்கை மேல் சிலிண்டருக்கு நகர்த்தினாள். அங்கே செங்கல் பொடியாய்த் துரு. பிஸ்டனைச் சுற்றிச் சிலிண்டர் சுவரில் பிறை மாதிரி ஒரு கறை. தண்ணீர் தேங்கி நின்ற குட்டையின் கரை. "எண்ணெய் இல்லாம ஓடியிருந்தா ரெண்டு சுவரும் கோடு கோடாக் கீறியிருக்கும். ஒரு கீறல் காட்டுங்க பார்ப்போம். ரெண்டும் ஒரே டேங்க்லதான் குடிக்குது. ஒண்ணுக்கு மட்டும் எப்படி எண்ணெய் இல்லாமப் போகும்? இது எரியலைங்க. துருப்பிடிச்சது. தண்ணி புகுந்திருக்கு."

"தண்ணி எப்படி..." என்றவன் நிறுத்தினான். மூவரும் பரணைப் பார்த்தார்கள். உத்தரத்தில் கயிறு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

விசிறியைத் தாங்கும் காலுக்குள், எஞ்சினைக் குளிர்விக்க ஏறும் ஏரித்தண்ணீர் எப்போதும் கொஞ்சம் நிற்கும். எஞ்சினை நிமிர்த்தி வைத்திருந்தால் அது கீழே வடிந்து போயிருக்கும். தலைகீழாய்ச் சாய்த்ததில், அத்தனையும் புகைபோகும் வழியாகத் தலைக்கு இறங்கிற்று. தலைகீழாய்க் கிடக்கும்போது மேல் சிலிண்டர்தான் ஆகக் கீழே. விசிறிக்கு மரியாதை செய்த கை எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டது.

இதை அவள் சொல்லத் தேவை இருக்கவில்லை. ஏரியில் ஆயுளைக் கழித்த மனிதருக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியாதா? கிழவர் எழுந்து வந்தார். சட்டைக் கையை மடித்தார். மேல் சிலிண்டருக்குள் விரலை விட்டுத் துருவை வழித்துப் பார்த்தார். பிறகு கீழ்ச் சிலிண்டருக்குள் விட்டார். முகர்ந்தார். அந்த விரலைத் துடைக்காமல் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்தேயிருந்தார்.

மகன் படகோரமாய்ப் போய் உட்கார்ந்து, பூசிய இடத்திலேயே திரும்பத் திரும்பத் தார் பூசினான். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. தாரின் காரமாகவும் இருக்கலாம்.

மறுநாள் வேலை இரண்டு ஆளுடையது. பிஸ்டனின் முகத்துக்குச் சரியாகப் பொருந்தும்படி ஒரு மரக்கட்டையை அவள் செதுக்கிவைத்திருந்தாள். ஒருவர் மேலே சக்கரத்தில் குழாயைப் பிடித்து இழுக்க, அதே நொடியில் இன்னொருவர் கட்டையை மெல்லத் தட்டவேண்டும். இழுப்பும் தட்டும் ஒன்றாய் விழவேண்டும். அவள் தோளுக்கு இழுப்பு ஆகாது. வாசலைப் பார்த்துச் சொன்னாள்:

"மாமா, எனக்கு இன்னொரு ஜோடிக் கை வேணும். நீங்க வர்றீங்களா, அவரைக் கூப்பிடட்டுமா?"

கிழவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். அவை நடுங்கிக்கொண்டிருந்தன, வயசு. "கூப்பிடு" என்றார் ஏரியிடம்.

புருஷன் சோப்பு போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். மண்ணெண்ணெயில் ஒருமுறை, சோப்பில் இருமுறை. குழாயைப் பிடித்தான். பிடித்தவுடனேயே அவன் முதுகு வேறு ஆளின் முதுகு ஆகிவிட்டது. அவள் அதைக் கவனித்துவிட்டு, கவனிக்காதது மாதிரி கட்டையை வைத்தாள்.

"ம்."

இழுப்பு. தட்டு. ஒன்றுமில்லை.

"ம்."

இழுப்பு. தட்டு.

"அவசரப்படாதீங்க. கோபத்தை இதுல காட்டாதீங்க, இது உங்க அப்பா இல்ல."

அவன் சிரித்துவிட்டான். சிரித்தபடி இழுத்த அந்த இழுப்பில்தான் அது நடந்தது. 'டிக்'. நகத்தால் கண்ணாடியைச் சுண்டியதுபோல அவ்வளவு சின்னச் சத்தம். இரண்டு பேரும் உறைந்தார்கள். வாசலில் கிழவரும் எழுந்து நின்றுவிட்டார்.

"திரும்ப இந்தப் பக்கம்" என்றாள். "மெதுவா. ஊத்துறேன் இருங்க." எண்ணெயை ஊற்றினாள். நகர்ந்தது. எதிர்ப்பக்கம் நகர்ந்தது. மயிரிழை, அரிசி நுனி, விரல் அகலம். பழுப்பு எண்ணெய் குழைந்து வழிந்தது. பொழுது சாய்வதற்குள் சக்கரம் முழுச் சுற்று சுற்றிவிட்டது. கல் என்று எழுதிவைத்த எஞ்சின் மூச்சுவிட்டது.

சக்கரத்தைக் கழற்றிச் சுத்தம் பண்ணும்போது, அன்று நடு ஏரியில் நின்றதற்கான காரணமும் கிடைத்தது. அணைக்கிற சுவிட்சுக்குப் போகும் ஒயர் ஒன்று உறை தேய்ந்து உடம்பில் பட்டுக்கொண்டிருந்தது. படகு குலுங்கினால் அது எஞ்சினை அணைத்துவிடும். அவள் அந்தச் சாண் ஒயரை வெட்டி எடுத்துப் புருஷனிடம் காட்டினாள். "இதுக்குத்தான் இத்தனை வருஷ ரகளை." புது ஒயர் போட்டாள். துருவை எமரித் தாளால் தேய்த்தெடுத்தாள். பிஸ்டன் வளையங்களை மாற்றினாள், ஹெட்டை மூடினாள். பெட்ரோலில் எண்ணெயை அவன்தான் கலந்தான். கலக்கும்போது டப்பாவைத் தூக்கி, வாசல் நாற்காலிக்குத் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு கலந்தான்.

சனிக்கிழமை காலை ஏரிமேல் பனி படிந்திருந்தது. துறையில் படகுக்காரர்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். வேடிக்கை என்றால் யாருக்கும் வேலை இருக்காது. புருஷன் கயிற்றைச் சுற்றி இழுத்தான். இருமியது. திரும்ப இழுத்தான். இருமி, நீலப் புகையைக் கக்கியது. யாரோ "எரியுதுடா" என்று கிண்டலாகக் கத்தினார்கள். மூன்றாவது இழுப்பில் அது பிடித்துக்கொண்டது. அந்தப் பழைய குரல், தடதடவென்று, தொண்டை கட்டிய பாட்டுக்காரன் மாதிரி, ஆனால் சுருதி தப்பாமல். வெண்கல விசிறி தண்ணீரை அள்ளிப் பின்னால் வீசியது. படகு கரையை விட்டது.

கிழவர் நடுப்பலகையில் உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை, முதல் ஆளாய் ஏறிவிட்டார். புருஷன் ஒரு பெரிய வட்டம் அடித்து, அலையை வெட்டித் திரும்பி, பாதி வேகத்தில் வந்து, இறங்கு பலகையில் ஒரு பூவை வைப்பதுபோல் படகை ஒட்டினான். கைப்பிடியை மறந்த கையா அது என்று பார்த்தவர்கள் கேட்டார்கள். வெல்டர்க்கா கரையில் இடுப்பில் கை வைத்து நின்றாள். தோள் வலித்தது. அந்த வலிகூட அன்றைக்கு அவளுக்கு நகை போட்டதுபோல் இருந்தது.

விசில்காரர் ஊதினார். ஊதிவிட்டு, "இடம் உங்களுக்குத்தான். திங்கக்கிழமை முதல் ஷிப்ட்" என்றார்.

"எஞ்சின் யாரோடது தெரியுமா?" என்று கிழவர் படகிலிருந்தே ஆரம்பித்தார். "என்னோடது. இந்த ஏரியோட முதல் மோட்டார். திறந்தது யார் தெரியுமா? என் மருமக. முறிஞ்ச போல்ட்டை வெல்டு வெச்சு எடுத்தா. எவனாவது எடுப்பானா?"

"சரி பெருசு, ஓட்டினது?" என்றான் ஒருவன் நமுட்டுச் சிரிப்போடு. "எரிச்சவனா?"

கூட்டம் அடங்கியது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கிழவரின் வாய் திறந்தது. மகன் கைப்பிடியைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இனிமே எவனும் அந்தப் பேரைச் சொல்லக்கூடாது" என்றார். அவ்வளவுதான். மகன் பக்கம் திரும்பாமல், பலகையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

அவள் பின்னாலேயே போனாள். "மாமா, பேர் போனது சரி. அவர்கிட்ட நீங்க ஒண்ணு சொல்லணும்."

"சொல்றேன்."

"எப்ப?"

"சொல்றேன்னு சொல்லிட்டேன்ல, விடேன்மா."

திங்கட்கிழமை வந்தது, அடுத்த திங்கட்கிழமையும் வந்தது. மில் ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். எஞ்சின் ஒருநாளும் நிற்கவில்லை. கிழவர் தினமும் நடுப்பலகையில் போய்வருகிறார். எல்லோரிடமும் பேசுகிறார், மகனிடமும் பேசுகிறார்: காத்தைப் பார், அலை வருது, வலப்பக்கம் திருப்பு. 'நீ எண்ணெய் கலந்திருந்தாய். தப்பாய்ப் படுக்கவைத்தது நான்' என்ற இரண்டு வாக்கியங்களை அவர் மகனுக்குத் தரவேண்டியிருக்கிறது. இன்னும் தரவில்லை.